சின்னஞ்சிறு வண்டிகளின் பாடபேதங்கள்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தரல் வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, எப்பொருள் பற்றி எழுதுவதெனச் சில நாள் சிந்தித்தோம். சமயம் பற்றியும் தமிழ் பற்றியும் தேயிலை பற்றியும் எழுதத் தக்கார் பலர் நம்மிடையே உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ உள்ளங்கையில் அடங்குவது. அச்சில் வார்த்த பழைய விளையாட்டு மோட்டார் வண்டிகளையும், அவற்றுள் அரிதாகக் காணப்படும் வேற்றுருக்களையும் தேடிச் சேர்க்கும் முயற்சியே அது. 'பிள்ளை விளையாட்டு' என முறுவலிப்பாரும் இருக்கலாம். அவர்கள் சற்றுப் பொறுமையுடன் இதனைப் படித்து முடிக்குமாறு வேண்டுகின்றோம்.

தோற்றம்

நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த இவ்வகை வண்டிகளுட் பெரும்பாலானவை இங்கிலாந்திற் பிறந்தவை. மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியை உருவாக்கிய பிராங்க் ஹோர்ன்பி (1863-1936) லிவர்பூல் நகரில் நிறுவிய கொம்பனி, தன் விளையாட்டுப் புகைவண்டிகளுக்குத் துணையாக 1933ஆம் ஆண்டின் இறுதியில் ஆறு சிறு வண்டிகளை வெளியிட்டது. 1934இல் அவற்றுக்கு 'டிங்கி ரோய்ஸ்' என்ற பெயர் சூட்டப்பட்டது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் தொடங்கியதும் அதே 1934இல் என்பது நம் மலைநாட்டார்க்கு நினைவிற் கொள்ளத் தக்கது. துரைமார் மலைச்சரிவில் உண்மை வண்டியை விரட்டிய அக்காலத்தில், அவர்தம் பிள்ளைகள் பங்களாக் கம்பளத்தின் மீது அதன் சிற்றுருவை உருட்டினர்.

போருக்குப் பின்னர், 1947இல், லெஸ்லி ஸ்மித், ரொட்னி ஸ்மித் என்னும் நண்பர் இருவர் லண்டனில் ஒரு வார்ப்புத் தொழிலைத் தொடங்கினர். இருவர் பெயரிலிருந்தும் ஒவ்வொரு பகுதியை எடுத்து 'லெஸ்னி' எனத் தம் நிறுவனத்துக்குப் பெயரிட்டனர். அவர்களோடு சேர்ந்த ஜக் ஓடெல் என்னும் தொழில்வல்லார்க்கு ஒரு மகள் இருந்தாள். தீப்பெட்டியில் அடங்கும் விளையாட்டுப் பொருளையே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்பது அவள் பள்ளியின் விதி. அதனால் தந்தையார் பித்தளையில் ஒரு சிறு வீதி உருளையைச் செய்து தீப்பெட்டியில் இட்டுக் கொடுத்தார். 1953இல் தொடங்கிய 'மட்ச்பொக்ஸ்' வரிசையின் மூலம் இதுவேயாகும். 1956இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரிலிருந்து, கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் யன்னல்களோடு 'கோர்கி' வண்டிகள் வெளிவந்தன. இம்மூன்று பெயர்களையும் அறிந்தவர் இக்கலையின் அரிச்சுவடியை அறிந்தவராவர்.

வேற்றுரு என்பது யாது?

இவ்வண்டிகள் வார்க்கப்படும் முறையை முதலில் அறிதல் வேண்டும். நாகத்தோடு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் அலுமினியமும், மிகச் சிறிதளவு மக்னீசியமும் சேர்ந்த கலவையை உருக்கி, உருக்கினாலான அச்சினுள் அழுத்தத்தோடு செலுத்துவர். சில விநாடிகளில் அது இறுகி வண்டியின் உடலாக வெளிவரும். ஓரங்களை நீக்கி, வர்ணம் பூசிச் சூட்டில் உலர்த்தி, இருசையும் சில்லையும் பொருத்தி, அடித்தகட்டைத் தறைந்து முடிப்பர். ஒரே அச்சிலிருந்து இலட்சக்கணக்கான வண்டிகள் பிறக்கும்.

இலட்சமும் ஒன்றுபோலவே இருக்கும் என நாம் எண்ணுவோம். அங்ஙனமில்லை. அச்சுத் தேய்ந்தால் அதனைத் திருத்துவர். திருத்திய இடத்தில் ஒரு கோடு கூடும் அல்லது குறையும். உலோகச் சில்லுக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் சில்லு வரும். ஒரு வர்ணம் தீர்ந்துபோனால் வேறொன்றைப் பூசுவர். கதவிற் பதிக்கும் எழுத்து மாறும். இவ்வாறு ஒரே இலக்கமும் ஒரே பெயரும் உடைய வண்டிகளிடையே காணப்படும் மாறுதலையே வேற்றுரு என்கின்றோம்.

தமிழ் கற்றார்க்கு இது புதிதன்று. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் பாடபேதம் என ஒன்றைக் கருத்தோடு குறித்து வைத்தனர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832-1901) 1887இல் கலித்தொகையை முதன்முதலாக அச்சேற்றியபோது, ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கும் பெரும்பாட்டைப் பட்டார்கள். ஓர் ஏட்டில் ஒரு சொல், மற்றோர் ஏட்டில் வேறொரு சொல். எது எப்போது எவர் கையால் நுழைந்தது என ஆராய்வதே பதிப்பாசிரியர் பணி. வண்டி சேர்ப்பவர் செய்வதும் அதுவே. தேயிலை ஆலையில் ஒரே நாளிற் பறித்த கொழுந்திலிருந்து இறக்கிய இரு தூள்களைச் சுவைத்து, வாட்டத்திற் பிழையா, அரைப்பிற் பிழையா, காய்ச்சலிற் பிழையா எனச் சொல்லவல்ல ரீமேக்கர்மாரை நாம் கண்டிருக்கின்றோம். பொருளிலுள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டு, அப்பொருள் பிறந்த இடத்தில் நிகழ்ந்ததை அறியும் அதே ஆற்றல்தான் இங்கும் வேண்டற்பாலது.

தேயிலை வண்டிகள்

நம் மலைநாட்டுக்கு அணுக்கமான உதாரணங்களைக் கூறுவோம். 1869இல் மான்செஸ்ரரில் ஆர்தர் புறூக் என்பவர் தொடங்கிய புறூக் பொண்ட் நிறுவனம், தன் தேயிலையைக் கடைகளுக்கு விநியோகிக்க ட்ரோஜன் என்னும் சிவப்பு வண்டிகளைப் பயன்படுத்திற்று. அவ்வண்டியை டிங்கி நிறுவனம் 1957இல் 455 என்ற இலக்கத்தோடும், லெஸ்னி நிறுவனம் 1958இல் மட்ச்பொக்ஸ் வரிசையின் 47ஆம் இலக்கமாகவும் வெளியிட்டன. மட்ச்பொக்ஸ் வண்டியில் முதலில் உலோகச் சில்லுகள் இருந்தன. பின்னர் சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் சில்லுகள் வந்தன. சில்லை நோக்கினால் முந்தியது எது, பிந்தியது எது என்பது விளங்கும்.

1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனின் பெயரையும் ஒரு வண்டி தாங்கியது. லெஸ்னி நிறுவனம் பழங்கால வண்டிகளுக்கெனத் தனியே வெளியிட்ட வரிசையில், 1978ஆம் ஆண்டு, 1927இன் டால்பட் வண்டியொன்று 'லிப்டன் தேயிலை' என்ற எழுத்துக்களோடு வந்தது. அதன் முதற் படிகளில் அரச முத்திரை காணப்படும். பிந்திய படிகளில் அம்முத்திரை நீங்கி, லண்டன் சிற்றி றோட் முகவரி இடம்பெற்றது. வார்ப்பில் மாற்றமில்லை, பக்கத்து எழுத்தில் மட்டுமே மாற்றம். பாடபேதம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இவ்விரு வண்டிகளையும் மேசைமேல் வைத்து நோக்கும்போதெல்லாம் ஓர் எண்ணம் நம்முள் எழும். விற்றவர் பெயர் பக்கங்களில் உண்டு. கொழுந்து பறித்தவர் பெயர் எங்கும் இல்லை. நம் தாய்மாரும் பாட்டிமாரும் கூடையிற் சுமந்த பொருளை விற்ற வண்டி, விளையாட்டுப் பொருளாகி மறுபடியும் நம் மலைக்கே வந்து சேர்ந்தது. அதனை வியப்பென்பதா, வேதனையென்பதா?

அருமை எவ்வாறு உண்டாகின்றது?

வேற்றுரு அனைத்தும் அரியவையல்ல. அருமை பெரும்பாலும் மூன்று காரணங்களால் உண்டாகும்.

முதலாவது, குறுகிய காலம். மட்ச்பொக்ஸ் 13ஆம் இலக்கமாக 1965இல் வந்த டொட்ஜ் இழுவை வண்டியில், சாரதிப் பகுதி மஞ்சளும் பின்பகுதி பச்சையுமாக இருப்பதே வழக்கம். சாரதிப் பகுதி பச்சையாகவும் பின்பகுதி மஞ்சளாகவும் உள்ள படிகள் மிகச் சிலவே. அவ்வாறே, 1968இல் அமெரிக்க நிறுவனமாகிய மட்டெல் 'ஹொட் வீல்ஸ்' என்னும் விரைந்தோடும் வண்டிகளை வெளியிட, லெஸ்னி நிறுவனம் 1969 முதல் தானும் மெல்லிய இருசும் விரைவுச் சில்லும் பொருத்தத் தொடங்கியது. பழைய உடலிற் புதிய சில்லு பூண்ட இடைக்கால வண்டிகளைச் சேர்ப்போர் பெரிதும் நாடுவர்.

இரண்டாவது, தனிக் கட்டளை. 1930களில் டிங்கி நிறுவனம் லண்டன் கடைக்காரர் சிலருக்காக அவரவர் பெயரை எழுதிச் சிறு வண்டிகளைச் செய்துகொடுத்தது. டபிள்யூ. ஈ. பொய்ஸ் என்ற பெயர் தாங்கிய அத்தகைய வண்டியொன்று 2008இல் ஏலத்தில் 19,975 பவுணுக்கு விலைபோயிற்று.

மூன்றாவது, தவறு. சில்லு மாறிப் பொருந்தியும், எழுத்துத் தலைகீழாய்ப் பதிந்தும், வேறு வண்டியின் அடித்தகடு ஏறியும் சில வண்டிகள் தப்பி வெளிவந்துவிடும்.

இம்மூன்றிலும் ஒரு பொதுத் தன்மை உண்டு. வேறுபாடு தொழிற்கூடத்திலேயே, செய்தவர் கையிலேயே நிகழ்ந்தது என்பதே அது. வெளியே வந்த பின் பிறர் செய்யும் மாற்றம் வேற்றுரு ஆகாது. ஏட்டிலுள்ள சொல் தமக்கு விளங்கவில்லையெனத் தாமே ஒரு சொல்லை இட்டெழுதியவர், மூலத்தை அழித்தவராவர் அன்றோ? இதனை நாம் நூலிற் கற்கவில்லை. நம் பிழையினாலேயே கற்றோம்.

நாம் செய்த பிழை

நம் தந்தையார் ஹற்றனுக்கு அண்மையில் ஒரு தோட்டத்திற் கணக்கப்பிள்ளையாக இருந்தார். 1975இல் கொம்பனித் தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்றபோது பெரிய துரையும் குடும்பத்தாரும் தாய்நாடு திரும்பினர். செல்லுமுன், வளர்ந்துவிட்ட தம் பிள்ளைகள் இருவரும் விளையாடிய பழைய வண்டிகளை ஒரு தகரப் பெட்டியிலிட்டு நம் தந்தையாரிடம் அளித்தனர். அக்காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் கடைகளில் இத்தகைய பொருளைக் காண்பது அரிது. நமக்கும், அடுத்த லயத்தில் வாழ்ந்த கங்காணியாரின் பேரனாகிய நம் தோழனுக்கும் அப்பெட்டி புதையலாயிற்று.

அதனுள் டிங்கி நிறுவனத்தின் ஒஸ்ரின் டெவன் வண்டியொன்று இருந்தது. மேலே ஒரு வர்ணமும் கீழே ஒரு வர்ணமுமாக, நீலமும் மஞ்சளுமாய் அது விளங்கிற்று. நமக்கோ அது பிடிக்கவில்லை. ஹற்றன் நகரில் வாடகைக்கு நின்ற கார் கறுப்பாக இருந்தது. ஆகவே இதுவும் கறுப்பாக இருத்தல் வேண்டும் எனத் தீர்மானித்தோம். தேயிலைப் பெட்டிகளில் எழுத்துப் பதிக்க ஆலையில் வைத்திருந்த கருஞ்சாயத்தைச் சிரட்டையில் வாங்கி வந்து, இருவருமாகச் சேர்ந்து அவ்வண்டி முழுவதும் பூசினோம். அன்று நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

பல ஆண்டுகளின் பின்னரே உண்மை விளங்கிற்று. 152 என்னும் இலக்கமுடைய அவ்வண்டி நெடுங்காலம் ஒற்றை வர்ணத்திலேயே வந்தது. 1956ஆம் ஆண்டளவில், உண்மைக் கார்களில் இரட்டை வர்ணம் நாகரிகமானபோது, டிங்கி நிறுவனமும் தன் பழைய வார்ப்புக்கு இரட்டை வர்ணம் பூசி வெளியிட்டது. அது நெடுநாள் நீடிக்கவில்லை. நாம் கருஞ்சாயத்தில் ஆழ்த்தியது அந்த வண்டியையே. சாயத்தை நீக்க முயன்றோம். அடியிலிருந்த மஞ்சளும் உடன் பெயர்ந்தது. இன்றும் அது நம் பேழையில் உள்ளது. அதனை விற்பதுமில்லை, மீண்டும் வர்ணம் பூசுவதுமில்லை.

கடல் கடந்த வண்டி

1964 ஒக்டோபர் 30இல் கையொப்பமான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, மலையக மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. நம் தோழனின் குடும்பமும் அவ்வெண்ணிக்கையுள் அடங்கியது. 1977இல் அவர்கள் ஹற்றனிற் புகைவண்டி ஏறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். பெட்டியில் இரண்டு புறூக் பொண்ட் வண்டிகள் இருந்தன. துரையின் பிள்ளைகள் இருவருக்கும் ஒவ்வொன்று வாங்கியிருந்தனர் போலும். புறப்படும்போது அவற்றுள் ஒன்றைத் தோழன் கையிற் கொடுத்தோம். இரண்டும் ஒன்றே என எண்ணியமையால், எதனைக் கொடுப்பதென ஆராயவில்லை.

நீலகிரியில், தாயகம் திரும்பியோர்க்கெனத் தமிழக அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டத்தில் அக்குடும்பத்தார்க்கு வேலை கிடைத்தது. இங்கே கொழுந்து பறித்த கை அங்கேயும் கொழுந்தே பறித்தது. நெடுங்காலத்தின் பின் நாம் கூடலூர் சென்று அவரைக் கண்டபோது, சுவாமி படத்தின் அருகிலிருந்து அவ்வண்டியை எடுத்து வந்து காட்டினார். அதன் சில்லு உலோகம். நம்மிடமுள்ளதன் சில்லு சாம்பல் நிறப் பிளாஸ்ரிக். ஒரே அச்சிற் பிறந்த இரண்டும், வேறு வேறு காலத்தில் வேறு வேறு சில்லுப் பூண்டு, ஒரே தோட்டத்திற் சில ஆண்டுகள் கூடியிருந்து, பின்னர் பிரிந்து சென்றுள்ளன. "உனக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்; இரண்டும் சேர்ந்து இருக்கட்டும்" என்றார் தோழர். நாம் எடுக்கவில்லை. அது எங்கிருந்து எங்கே சென்றது என்பதே அதன் வரலாறாகலின், இருக்கும் இடத்திலேயே இருத்தல் தகும் எனக் கருதினோம்.

அப்பயணத்திலேதான் இந்தியாவிற் செய்யப்பட்ட 'நிக்கி' வண்டிகளையும் கண்டோம். டிங்கி நிறுவனத்தின் பழைய அச்சுக்கள் சில 1960களின் இறுதியிற் கல்கத்தாவுக்குச் சென்றன. அங்கே அடித்தகட்டில் இருந்த 'டிங்கி' என்னும் சொல்லை மாற்றி 'நிக்கி' எனப் பொறித்து வார்த்தனர். ட்ரையம்ப் ஹெரால்ட் காரின் சிற்றுரு அங்கே 'ஸ்ராண்டர்ட் ஹெரால்ட்' ஆயிற்று. 1961 முதல் அக்காரைச் சென்னையில் அப்பெயரிலேயே தயாரித்தனர். இவற்றின் பூச்சுத் தடிப்பானது, வர்ணங்களோ எண்ணிறந்தன. முன்னர் மேலைநாட்டார் இவற்றைக் குறைந்தனவாகக் கருதினர். இன்று அவர்களே தேடுகின்றனர்.

போலியும் நோயும்

விலை ஏறிய இடத்திற் போலியும் புகும். பச்சை-மஞ்சள் டொட்ஜ் போன்றவற்றை வர்ணம் மாற்றி விற்பார் உளர். ஆகவே வாங்குவோர் உருப்பெருக்குக் கண்ணாடியின்றிச் செல்லுதல் கூடாது. இருசின் முனையிலும், தறையாணியின் தலையிலும், கதவின் இடுக்கிலும் நோக்குக. தறையாணியைத் துளைத்துக் கழற்றிய வடுவோ, இருசின் மீது படிந்த வர்ணமோ காணப்படின் ஐயுறுக. டிங்கி வண்டிகளின் மஞ்சட் பெட்டி பலவற்றில், உள்ளிருக்கும் வண்டியின் வர்ணத்தைக் காட்டும் சிறு வட்டம் ஒன்றுண்டு. அது வண்டியோடு ஒத்திருத்தல் வேண்டும். போருக்கு முந்திய டிங்கியின் இருசு மெல்லியது. பிந்தியது சற்றுத் தடித்தது. மெல்லிய இருசுக்குரிய வண்டியிற் தடித்த இருசைக் கண்டால், யாரோ கை வைத்திருக்கிறார் என அறிக.

மற்றொரு பகை உள்ளிருந்தே கொல்லும். கலவையில் ஈயம் மிகச் சிறிதளவு கலந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகத்தின் மணிகளுக்கிடையே அரிப்புப் பரவி, வண்டி வீங்கி வெடித்துப் பொடியாகும். போருக்கு முந்திய வண்டிகள் பல இந்நோயால் அழிந்தன. ஈரமும் வெப்பமும் இதனை விரைவுபடுத்தும். வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் நீங்காத ஹற்றன், பொகவந்தலாவைப் பகுதிகளில் வாழும் நாம் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். வண்டிகளை ஈரஞ் சேரும் சுவர் அலுமாரியிலும், அடுப்புப் புகை படும் இடத்திலும் வையாதீர்கள். நன்கு மூடும் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிப் பைகளோடு வைத்து, பைகளை அவ்வப்போது மாற்றுங்கள். நோயுற்றதைத் தனியே பிரித்து வையுங்கள். உடைந்ததை அடிக்கடி கையாளாதீர்கள். துடைக்க மெல்லிய உலர்ந்த தூரிகை போதும்.

முடிவாக

ஒரு வண்டியின் விலை இன்று ஏறும், நாளை இறங்கும். அதன் சான்று மாறாது. எந்த ஆண்டில் எந்தச் சில்லு தீர்ந்தது, எந்தத் தொழிலாளி எந்த வர்ணத்தைத் தவறி எடுத்தார் என்பதைக்கூட ஒரு சிற்றுருவம் நமக்குச் சொல்லவல்லது. ஆனால் அதனைத் தொடாது விட்டால் மட்டுமே சொல்லும். லெஸ்னி 1982இலும், லிவர்பூலின் டிங்கி தொழிற்கூடம் 1979இலும் நின்றுபோயின. எனினும் அங்கு நிகழ்ந்த சின்னஞ்சிறு மாற்றங்களையும் ஆண்டு வாரியாக எழுதி வைத்த அன்பர்கள் அந்நாட்டில் உளர்.

நாமோ நம் தோட்டங்களில் நிகழ்ந்த பெரிய மாற்றங்களையும் எழுதி வைக்கவில்லை. லயங்கள் இடிகின்றன, ஆலைகள் மூடப்படுகின்றன, பழைய செக்றோல் ஏடுகள் கறையானுக்கு இரையாகின்றன. ஆதலின் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். விளையாட்டு வண்டியோ, பாட்டனார் இடுப்பில் முடிந்த தோட்டத்து வில்லையோ, கொழுந்துக் கூடையின் பட்டையோ, எது கிடைப்பினும் அதனை மினுக்காதீர்கள், வர்ணம் பூசாதீர்கள். யாருடையது, எங்கிருந்து வந்தது, எவர் கை மாறியது என்பதை ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். நம் கல்லூரி நூலகத்தில் அதற்கென ஓர் அலுமாரி ஒதுக்கப்படுமாயின், கருஞ்சாயம் பூசிய அந்த ஒஸ்ரின் வண்டியை, அதன் கதையை எழுதிய தாளோடு முதலாவதாக வைக்க நாம் ஆயத்தமாயுள்ளோம்.